யாழ்ப்பாணக் குடாநாட்டின் வைத்தியசாலை வேலைகள்: மானிப்பாய் முதல் மந்திகை வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரவும் பகலும், ஆண்டு முழுவதும், ஒரு நாளும் மூடாமல் இயங்கும் பெரிய வேலைத்தலங்கள் அரச வைத்தியசாலைகளே. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றது. அதன் பின் அந்த அளவுக்கு ஆட்களைச் சேர்த்து மாதச் சம்பளம் கொடுத்த தொழிற்சாலை எதுவும் குடாநாட்டில் எழவில்லை. வெங்காயம், புகையிலை, நெல், மீன்பிடி எல்லாம் பருவத்தை நம்பியவை. வெளிநாட்டுப் பணம் உறவை நம்பியது. இரண்டையும் நம்பாத வருமானம் அரச உத்தியோகம் ஒன்றுதான். அதில் முன்னிற்பவை கல்வியும் சுகாதாரமும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை மட்டுமே தருகின்ற வட மாகாணத்தில், வைத்தியசாலை ஒன்றின் சம்பளப் பட்டியல் சுற்றியுள்ள கடைத்தெருவின் நல்லது கெட்டதையும் முடிவு செய்கிறது.

வைத்தியசாலை வேலைக்குப் பிற அலுவலக வேலைகளுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. கச்சேரியில் ஒரு மேசைக்கு ஒருவர் போதும். வார்டில் ஓர் இடத்தில் எந்நேரமும் ஒரு தாதி நிற்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணித்தியாலங்களை நிரப்ப வேண்டும். ஒருவர் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் நான்கு பேருக்கு மேல் தேவை. விடுமுறை, சுகவீன லீவு, பிரசவ லீவு ஆகியவற்றைக் கணக்கிட்டால் ஐந்து பேர். ஆதலால் ஒரு புதிய தீவிர சிகிச்சைப் பிரிவு திறக்கப்படுகிறது என்ற செய்தியைக் கட்டில்களின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே சரியான கேள்வி. இயந்திரம் வந்தால் ஆள் குறையும் என்ற தொழிற்சாலைக் கணக்கும் இங்கே செல்லாது. புதிய ஸ்கேன் இயந்திரம் வந்தால் அதை இயக்க ஒருவர், படத்தை வாசிக்க ஒருவர், நோயாளியைக் கொண்டுவர ஒருவர் என்று ஆட்கள் கூடவே செய்வார்கள்.

குடாநாட்டின் அமைப்பில் நடுவில் நிற்பது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. மக்கள் வாயில் அது இன்றும் பெரியாஸ்பத்திரி. வட மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலையான இது கொழும்பிலுள்ள மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. பருத்தித்துறை மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகளும், அவற்றுக்குக் கீழேயுள்ள பிரதேச வைத்தியசாலைகளும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாண நிர்வாகத்துக்கு உட்பட்டவை. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தந்த பிரிவு இது. ஒரே ஊரில், ஒரே வேலையைச் செய்யும் இருவர் இரு வேறு நிர்வாகங்களின் ஆட்களாக இருப்பார்கள். ஒருவருடைய வெற்றிடம் கொழும்பில் கணக்கிடப்படும், மற்றவருடையது மாகாணத்தில். ஆனால் இருவருடைய பதவிக்கும் ஆளணி அனுமதி தருவது திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களமே.

குடாநாட்டில் மேலைத்தேய மருத்துவம் ஒரு தொழிலாக வேர்விட்டது மிஷன் காலத்தில். அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1819 இன் இறுதியில் இலங்கை வந்து, பண்டத்தரிப்பில் பணியாற்றி, 1836 இல் சென்னைக்குப் போனார். அவருக்குப் பின் 1847 இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில் ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்குவதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் முந்தியது இந்த வகுப்பு. கிறீன் 1873 இல் ஊர் திரும்புவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவராகப் பயிற்றிவிட்டார்.

கிறீனின் பெயர் பெரும்பாலும் தமிழ் அறிவியல் நூல்களுக்காகவே நினைக்கப்படுகிறது. 1867 இல் வந்த இரணவைத்தியமும் 1875 இல் வந்த கெமிஸ்தமும் அந்த உழைப்பின் பேறுகள். ஆனால் 1864 இல் அவர் பாடமொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமல்ல. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அதிக சம்பளம் தேடி அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியூர்களுக்கும் போய்விட்டார்கள். தமிழில் பயின்றவர்கள் ஊரோடு தங்கி, ஊர்மக்களிடமே தொழில் செய்து வாழ்வார்கள் என்பது அவர் கணக்கு. அதாவது, குடாநாட்டின் முன்னோடி மருத்துவ ஆசிரியர் ஒருவர் சந்தித்த பெரிய சிக்கல் ஆளைப் பயிற்றுவது அல்ல, பயின்ற ஆளை ஊரில் வைத்திருப்பது. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் குடாநாட்டின் சுகாதார வேலைவாய்ப்பில் தீராத கேள்வி இதுதான். மருத்துவரைப் பெருக்குவதில் குடாநாடு பின்நின்றதில்லை, தங்கவைப்பதிலேயே தோற்றிருக்கிறது.

மிஷன் விட்டுச்சென்ற இரண்டு நிறுவனங்கள் பெண்களின் வேலைவாய்ப்பு வரலாற்றில் தனி இடம் பெறுபவை. ஒன்று மானிப்பாயில் கிறீன் நினைவாக எழுந்த வைத்தியசாலை. மற்றது 1898 இல் இணுவிலில் பெண்களுக்கெனத் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலை. பெண் மருத்துவர்கள் நடத்திய இணுவில் வைத்தியசாலையில் குடாநாட்டுப் பெண்கள் தாதியராகவும் மருத்துவமாதராகவும் பயிற்சி பெற்றார்கள். வீட்டுக்கு வெளியே, இரவு வேலையும் உள்ள தொழில் ஒன்றுக்குப் பெண்பிள்ளையை அனுப்புவது பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் எளிய முடிவன்று. அந்தத் தடையை முதலில் தாண்டிய குடும்பங்களில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள். சைவக் குடும்பங்கள் பின்னர் அந்த வழியில் வந்தன.

அரசு தரப்பில் யாழ்ப்பாண அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் 1850 இல் நிறுவிய நண்பர் உதவிச் சங்க வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம். கிறீனிடம் பயின்றவர்கள் அங்கும் பணிபுரிந்தார்கள். 1907 இல் அதை அரசு பொறுப்பேற்றபோது அங்குள்ள வேலை ஓய்வூதியத்தோடு கூடிய அரசாங்க வேலை ஆயிற்று. அப்போதிக்கரி, டிரெசர், ஓடலி ஆகிய பதவிகள் யாழ்ப்பாணத்து இளைஞருக்கு எழுதுவினைஞர் வேலைக்கு அடுத்த கனவாக மாறின. அதே இளைஞர்கள் மலாயாவுக்கும் போய் அங்குள்ள வைத்தியசாலைகளில் உதவியாளராக அமர்ந்தார்கள். அவர்கள் அனுப்பிய மணிஓடரில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். ஏற்றுமதியாகும் மருத்துவத் தொழிலாளர் என்ற பழக்கம் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விமானம் ஏறிய தலைமுறையோடு தொடங்கியது அல்ல. அது குறைந்தது ஒரு நூற்றாண்டுப் பழக்கம்.

மிஷன், அரசு என்ற இந்த இரு பெரும் வழிகளுக்கும் இடையே உள்ளூர் மக்கள் தாமே திறந்த மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1930களில் மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலை எழுந்தது. அங்கத்தவர் பணத்தில் கட்டப்பட்டு, அங்கத்தவரே நிர்வகித்த அந்த வைத்தியசாலை மருத்துவருக்கும் தாதியருக்கும் அரசோ மிஷனோ தராத வேலையை ஒரு கிராமத்தில் தந்தது. மூளாய் அனுபவம் இன்றைய விவாதங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. அரசுக்கும் தனியாருக்கும் வெளியே சுகாதார வேலையை உண்டாக்க முடியும் என்பதற்குக் குடாநாட்டிலேயே சான்று இருக்கும்போது அதை மறந்துவிடுவது நட்டம்.

1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டதும், நாடெங்கும் வைத்தியசாலைகள் பெருகியதும் வேலைகளைப் பெருக்கின. ஆனால் குடாநாட்டின் சுகாதார வேலைவாய்ப்பில் மிகப் பெரிய பாய்ச்சல் 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியதுதான். பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலை ஆனது. விரிவுரையாளர், விசேட நிபுணர், உள்ளகப் பயிற்சி மருத்துவர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், நூலகர், எழுதுவினைஞர் என்று மருத்துவக் கல்வியைச் சார்ந்த பதவிகள் குடாநாட்டில் பெருகின. தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாய்ப்பு சுருங்கியதாகக் கொதித்திருந்த ஒரு சமூகத்துக்கு, ஊரிலேயே மருத்துவம் படிக்கும் வாய்ப்பு பெரிய ஆறுதல். பின்னர் கைதடியில் சித்த மருத்துவக் கல்வியும், பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகளும் வந்து சேர்ந்தன.

இந்த வளர்ச்சிக்கு ஐந்தாண்டு மட்டுமே அமைதி கிடைத்தது. 1983 க்குப் பின் நடந்ததைச் சாதாரண வேலைவாய்ப்புச் சொற்களால் விளக்க முடியாது. 1987 ஒக்டோபரில், தீபாவளியை ஒட்டி, இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், சிற்றூழியர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடமை நேரத்தில், கடமைச் சீருடையில் இறந்த அந்த ஊழியர்கள் ஒவ்வோர் ஆண்டும் அவ்வளாகத்தில் நினைவுகூரப்படுகிறார்கள். 1990 இல் கோட்டையைச் சுற்றிய சண்டையில் அருகிலிருந்த வைத்தியசாலை இயங்க முடியாமற்போய், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் மறுபடி இயங்கியது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஊழியரும் மக்களோடு மக்களாக நடந்தார்கள். 2000 இல் சாவகச்சேரி நகரமே சிதைந்தது. தெல்லிப்பழை நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்தால் பாதிக்கப்பட்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராக நடந்தன. நிபுணரும் மருத்துவரும் தாதியரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். மறுபுறம், போகாதவர்களைச் சுற்றி ஒரு புதிய வேலைப்படை தானாக உருவாயிற்று. உதவி வைத்திய அதிகாரிகள் முழு வைத்தியசாலைகளை நடத்தினார்கள். மருத்துவ மாணவர்கள் படிப்பு முடியுமுன் கடமை பார்த்தார்கள். நியமனக் கடிதம் இல்லாத தொண்டர்கள் காயம் கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். குடாநாட்டின் சுகாதார சேவை அந்தக் காலத்தில் அறுந்துபோகாமல் காத்தது இவர்கள்தான். இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அமைதி வந்த பின் சம்பளப் பட்டியல் அவர்களை அந்த அளவுக்கு நினைவில் வைக்கவில்லை.

மக்கள்தொகையும் சுருங்கியது. 1981 கணக்கெடுப்பில், கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம் பேர். ஆள் குறைந்தால் வைத்தியசாலைத் தேவையும் குறையும் என்று ஒரு நிதி அதிகாரி கணக்கிடக்கூடும். அது தவறான கணக்கு. போனவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். எஞ்சியவர்களில் முதியோரின் பங்கு கூடியது. நாட்டில் 60 வயதைத் தாண்டியோர் 2012 இலேயே 12 சதவீதத்துக்கு மேல் இருந்தார்கள். நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் ஆகியவற்றோடு வரும் முதியவர் ஒருவர், காய்ச்சலோடு வரும் இளைஞரைவிட பல மடங்கு கிளினிக் நாட்களையும் தாதியர் நேரத்தையும் எடுக்கிறார். இதோடு போர் விட்டுச்சென்ற அங்கக்குறைபாடும் மனக்காயமும் சேர்கின்றன. செயற்கை உறுப்பு, இயன்மருத்துவம், உளவளத்துணை ஆகிய துறைகளில் வேலை கூடுவது இதனால்தான்.

போர் முடிந்த 2009 க்குப் பின் கட்டடங்கள் வந்தன. போதனா வைத்தியசாலையில் ஜப்பானிய அரசின் உதவியில் மைய சேவைகளுக்கான பெரும் கட்டடம் எழுந்தது. 2011 இல் தெற்கே தெவிநுவரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. நெதர்லாந்து உதவித் திட்டத்தில் பருத்தித்துறை உட்பட வட மாகாண வைத்தியசாலைகளுக்குப் புதிய பிரிவுகள் கிடைத்தன. புலம்பெயர்ந்தோர் கருவிகள் அனுப்புகிறார்கள். இவை எல்லாம் நன்றியோடு ஏற்க வேண்டியவை. ஆயினும் நன்கொடையாளர் ஒரு கட்டடத்தைத் தர முடியும். அதற்குள் இருபதாண்டு வேலை செய்யப்போகும் தாதியின் சம்பளத்தைத் தர மாட்டார். கட்டடத் திட்டத்தோடு ஆளணித் திட்டமும் ஒரே கோப்பில் போகாததே இன்றைய குறைபாடுகளில் முதன்மையானது. நாடா வெட்டும் நாளில் ஆளணி அனுமதி கையில் இல்லாவிட்டால் பழைய வார்டிலிருந்து ஆட்களை இழுத்துப் புதிய வார்டை ஓட்டுவார்கள். இரண்டும் தளரும். 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் நிலையைக் கேட்டுத் தென்மராட்சி மக்கள் வீதிக்கு வந்தபோது, வசதிகளும் ஆளணியும் பற்றிய கேள்விகள் நாடறியப் பேசப்பட்டன.

வேலைவகைகளில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது தாதியம். அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தி தேவை. குடாநாட்டில் உயிரியல் பிரிவு எடுக்கும் பிள்ளையின் வீட்டில் பேசப்படும் ஒரே சொல் மருத்துவ பீடம். வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பரீட்சை எழுதும். அதன் பிறகும் கிடைக்காவிட்டால் வேறு பட்டம், வெளிநாடு, வங்கி வேலை. தாதியர் கல்லூரி விண்ணப்பம் அந்த வரிசையில் கடைசியிலோ, வெளியிலோ நிற்கிறது. விளைவு கண்முன்னே தெரிகிறது. யாழ்ப்பாணத்திலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரி இருந்தும், தமிழ் பேசும் தாதியர் தேவைக்குப் போதவில்லை. தெற்கிலிருந்து வரும் சிங்களத் தாதியர் வெற்றிடங்களை நிரப்புகிறார்கள். அவர்கள் அர்ப்பணிப்போடு வேலை செய்கிறார்கள். பலர் தமிழும் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு நோவைச் சொல்லும் ஒரு கிழவிக்கு அவள் மொழி தெரிந்த தாதி கிடைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மேலும் இடமாற்றக் காலம் முடிந்ததும் அவர்கள் தம் ஊருக்குப் போவது இயல்பு. அவர்களைக் குறைசொல்ல எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு ஊர்ப்பிள்ளைகளை ஆயத்தம் செய்யாத சமூகமும் கல்வி முறையுமே பதில் சொல்ல வேண்டும்.

பெண்களின் வேலைப் பங்கேற்பு நாடு முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. வடக்கில் அதிலும் குறைவு. போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ள மாவட்டத்தில், ஓய்வூதியம் உள்ள, ஊரிலேயே கிடைக்கக்கூடிய தாதி, குடும்பநல உத்தியோகத்தர், மருந்தாளர், ஆய்வுகூட உத்தியோகத்தர் வேலைகள் ஒரு பெரும் வாய்ப்பு. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் ஒன்றரை ஆண்டுப் பயிற்சியில் உருவாகிறார். ஒரு கிராமத்தின் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவர் பொறுப்பு. இலங்கையின் தாய்மரண வீதம் தெற்காசியாவில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருப்பதற்கு இவர்களின் வீட்டுத் தரிசிப்பு ஒரு முதன்மைக் காரணம். இந்த இடைநிலைப் பதவிகளை இரண்டாந்தரமாக எண்ணும் மனநிலை மாறாதவரை குடாநாட்டில் வேலையில்லாப் பட்டதாரிகளும் ஆளில்லா வார்டுகளும் ஒரே நேரத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

தாதியருக்குக் கீழே, வெளிப்பார்வைக்குத் தெரியாத, ஆனால் எண்ணிக்கையில் பெரிய ஒரு படை உண்டு: ஓடலி, வார்டு உதவியாளர், சமையல், சலவை, சாரதி, காவல், துப்புரவு. முன்பு இவை எல்லாம் அரச சிற்றூழியர் வேலைகள். இப்போது துப்புரவும் காவலும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்படுகின்றன. வேறுபாடு பணத்தில் தெரியும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தனியார் துறையின் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 27,000 ரூபா ஆனது. 2025 இன் அந்த அறிவிப்புகளின்படி, ஒரே நடைபாதையைக் கூட்டும் இருவரில் ஒருவருக்கு ஓய்வூதியமும் 40,000 ரூபா அடிப்படையும்; மற்றவருக்குச் சட்டம் உறுதிசெய்தது 27,000 ரூபாவும் ஊழியர் சேமலாப நிதி போன்றவையும் மட்டும்.

போர்க்காலத் தொண்டர்களின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. சுகாதாரத் தொண்டர்கள் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகக் கொடுப்பனவு இல்லாமலோ சிறு கொடுப்பனவுக்கோ வேலை செய்தவர்கள், போர் முடிந்த பின் நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. வயதெல்லை, கல்வித் தகைமை, அரசியல் சிபாரிசு ஆகிய மூன்றும் அவர்களுக்கு எதிராக நின்றன. அவர்களின் சேவைக்காலம் ஒரு தகைமையாகவே கணக்கில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு வேலைச் சந்தை இலவச உழைப்பை ஏற்றுக்கொண்டு, சம்பளம் கொடுக்கும் நாளில் புதியவரைத் தேடுவது நீதியல்ல.

மருத்துவர்களின் நிலை வேறு. அவர்களின் நியமனமும் வருடாந்த இடமாற்றமும் கொழும்பில் தீர்மானமாகின்றன. 1977 முதல் அரச மருத்துவர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் சிகிச்சை செய்யலாம். யாழ்ப்பாண நகரின் சனலிங் நிலையங்களும் தனியார் வைத்தியசாலைகளும் மாலையில் நிரம்புவது இந்த அனுமதியால்தான். காலையில் அரச வார்டில் பார்த்த அதே நிபுணரை மாலையில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். தனியார் துறை குடாநாட்டில் வளர்ந்திருக்கிறது. ஆனால் அது தனக்கென மருத்துவரைப் புதிதாக உருவாக்கவில்லை, அரசு பயிற்றிய மருத்துவரின் மாலை நேரத்தை வாங்குகிறது. அது புதிதாக உருவாக்குவது வரவேற்பாளர், காசாளர், ஆய்வுகூட உதவியாளர், தானே பயிற்றிய தாதி ஆகிய வேலைகளை. அவ்வாறு பயின்ற தாதியின் சான்றிதழ் அரச சேவைக்குள் நுழையப் பொதுவாக உதவாது என்பதால் பல இளம்பெண்கள் குறைந்த சம்பளத்திலேயே தங்கிவிடுகிறார்கள்.

2022 பொருளாதார நெருக்கடி இந்த அமைப்பின் எல்லா மூட்டுகளையும் தளர்த்தியது. ரூபா வீழ்ந்தது, சம்பளத்தின் வாங்கும் சக்தி கரைந்தது, அரச ஊழியர் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு போகலாம் என்று அரசே வழிதிறந்தது. ஓய்வு வயது 65 இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டதால் அனுபவம் மிக்க ஊழியர் பலர் ஒரே நேரத்தில் விலகினார்கள். புதிய ஆட்சேர்ப்பு இறுகியது. நாடு முழுவதிலும் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் வெளியேறினார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த 2024 தொடக்கத்தில் மருத்துவரின் விசேட கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபா ஆக்கப்பட்டது. அது தமக்கு இல்லையா என்று தாதியர் உள்ளிட்ட ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வார்டு ஒரு கூட்டு வேலை. அதில் ஒருவருக்கு மட்டும் உயர்த்துவது மற்றவரைத் தள்ளிவிடும் என்பதை அந்த வேலைநிறுத்தம் காட்டியது.

பிற ஊர்களின் அனுபவம் இங்கே பயன்படும். உருக்குத் தொழில் அழிந்த அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் பல்கலைக்கழக மருத்துவ நிறுவனமே இன்று பெரும் வேலைதருனர்; உருக்குக் கம்பனிக்காகக் கட்டிய வானுயர்ந்த கட்டடத்தின் உச்சியில் இப்போது வைத்தியசாலையின் பெயர் நிற்கிறது. இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு வேலூர். பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்த ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900 இல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகம்தான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கவனிக்க வேண்டிய வரிசை ஒன்று அங்கே உண்டு: 1909 இல் தாதியர் பள்ளி, அதன் பின்பு 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதலில் தாதி, பிறகு மருத்துவர். இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளர் வேலூருக்கு வருகிறார்கள். விடுதி, சாப்பாட்டுக்கடை, மருந்துக்கடை, வாடகை வண்டி என்று நகரின் பாதி அவர்களால் வாழ்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓட்டம் மறுபக்கம். வசதியுள்ள நோயாளர் கொழும்புக்குப் போகிறார்கள். பலாலியிலிருந்து விமானம் ஏறிச் சென்னைக்கும் போகிறார்கள். ஒவ்வொரு பயணமும் குடாநாட்டில் உருவாகியிருக்கக்கூடிய ஒரு வேலையின் சம்பளத்தைக் கையோடு எடுத்துச் செல்கிறது.

இருந்தும், பெரியாஸ்பத்திரி மட்டுமே எவ்வளவு வேலையைச் சுற்றிலும் உண்டாக்குகிறது என்பதை ஆஸ்பத்திரி வீதியில் பார்க்கலாம். பாமசிகள், ஆய்வுகூடங்கள், கண்ணாடிக் கடைகள், தேநீர்க்கடைகள், பழக்கடைகள், முச்சக்கர வண்டித் தரிப்பிடம், பக்கத்திலே பஸ் நிலையமும் சந்தையும். கிளினிக் நாளில் அச்சுவேலியிலிருந்தும் வேலணையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வரும் முதியவர்கள் மருந்து எடுத்த பின் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஆதார வைத்தியசாலைகள் வலுப்பெற்றால் இந்தச் சிறு பொருளாதாரம் மந்திகையிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் இதேபோல் எழும். நகருக்கு வெளியே, குறிப்பாகத் தீவகத்தில், வேறு மாதச் சம்பள வேலை அரிது என்பதால் அங்கே ஒரு தாதிப் பதவி நகரில் உள்ள பதவியைவிடப் பெறுமதி மிக்கது.

அடுத்த இருபதாண்டில் கூடப்போகும் வேலை முதியோர் பராமரிப்பு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, நல்லூரிலும் கரவெட்டியிலும் தனித்திருக்கும் பெற்றோரைப் பார்க்க ஆள் தேடாத குடும்பம் குறைவு. இன்று அந்த வேலை பயிற்சியோ ஒப்பந்தமோ இல்லாமல், தெரிந்தவர் மூலம், கைக்காசுக்கு நடக்கிறது. அதே நேரம் பராமரிப்பாளர் பயிற்சி பெற்ற இளைஞர்கள் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். பணம் கொடுக்கக்கூடிய பிள்ளைகள் வெளிநாட்டில், வேலை செய்யக்கூடிய இளைஞர்கள் ஊரில், பராமரிப்பு வேண்டும் பெற்றோரும் ஊரில். இம்மூவரையும் இணைக்க ஒரு பதிவு முறையும் சம்பள அளவும் சான்றிதழும் போதும். மூளாயில் ஒரு காலத்தில் செய்ததுபோல ஒரு கூட்டுறவுச் சங்கம் இதைச் செய்யலாம். வைத்தியசாலைகள் பயிற்சியைத் தரலாம்.

மாகாண வைத்தியசாலைகளின் ஆளணியை வலியுறுத்திக் கேட்க வேண்டிய இடம் மாகாண சபை. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் ஆளுநரும் அதிகாரிகளும் மட்டுமே நிர்வாகத்தை நடத்தி வந்திருக்கிறார்கள். மந்திகையிலோ சாவகச்சேரியிலோ ஒரு வார்டு ஆளில்லாமல் நிற்பதற்கு மக்களிடம் பதில் சொல்ல வேண்டிய தெரிவுசெய்யப்பட்டவர் எவரும் மாகாண மட்டத்தில் இல்லை. மாகாண சபைத் தேர்தல் தாமதமின்றி நடக்க வேண்டும். தெரிவாகும் சபை ஆதார வைத்தியசாலைகளின் வெற்றிடப் பட்டியலைத் தன் முதல் அமர்விலேயே எடுக்க வேண்டும். தாதியர் பயிற்சி இடங்களைக் கூட்டவும், தொண்டர் சேவைக்காலத்தை நியமனத்தில் கணக்கிடவும் அந்த அமர்விலேயே தீர்மானம் நிறைவேற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.